திருப்பூருக்கு வரும் மெஷினை எந்தத் துறைமுகத்தில் இறக்குவது?

கேள்வி: திருப்பூரில் 12 வருடமாக நிட்டிங் யூனிட் நடத்துகிறேன். இதுவரை மெஷினும் லைக்ரா நூலும் இங்குள்ள ஏஜென்ட்டிடம்தான் வாங்கினேன். இப்போது முதல் தடவையாக நானே நேரடியாக சீனாவின் ஷியாமெனிலிருந்து மூன்று சர்க்குலர் நிட்டிங் மெஷின் எடுக்கப் போகிறேன். ஒரு 40 அடி கண்டெய்னரில் வந்துவிடும் என்கிறார்கள். அப்புறம் மாதாமாதம் கொஞ்சம் லைக்ரா நூலும் வரவழைக்க எண்ணம். சப்ளையர் கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்த்து 'சி.ஐ.எஃப். சென்னை' என்று விலை கொடுத்திருக்கிறார். நண்பர் ஒருவர் தூத்துக்குடிதான் சரி என்கிறார், இன்னொருவர் கொச்சிதான் பக்கம் என்கிறார். பெரிய துறைமுகமாகப் பார்த்து சென்னையிலேயே இறக்கிவிடுவது நல்லதுதானே? ஐ.இ.சி. (இறக்குமதி, ஏற்றுமதிக்கான எண்) எடுத்துவிட்டேன். மற்றபடி எனக்கு இந்தத் துறை புதிது.
— வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட்டீர்கள், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. நிறைய பேர் கப்பல் கிளம்பிய பிறகுதான் துறைமுகத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது செய்ய முடிவது ரொம்பக் குறைவு.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பதிலில் ஊர்ப்பாசம் கலந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கஸ்டம்ஸிலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் தொழிலில் 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் ஏழு வருடம் சென்னை ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதன்பிறகு தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். இரண்டு ஊரிலும் கண்டெய்னர் மாட்டிக்கொண்டு தூக்கம் போன இரவுகள் உண்டு.

என் முடிவை இப்போதே சொல்கிறேன். மெஷின் கண்டெய்னரைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வாருங்கள். மாதாமாதம் வரும் நூல், அளவு சிறியதாக இருக்கும் வரை சென்னைக்கு வரட்டும். கொச்சிக்கும் ஒரு ரேட் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஊராக இருந்தாலும் சரி, 'சி.ஐ.எஃப்.' என்பதை அடித்துவிட்டு 'எஃப்.ஓ.பி. ஷியாமென்' என்று, அதாவது ஷியாமெனில் கப்பலில் ஏற்றும் வரைக்கும் மட்டும், விலை கேளுங்கள். இந்தக் கடைசி வரிதான் என் பதிலிலேயே முக்கியமானது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'பெரிய துறைமுகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வேறு பொருள். மத்திய அரசின் கீழ் இருப்பவை 'மேஜர் போர்ட்', மாநில அரசின் கீழ் இருப்பவை மற்றவை. தமிழ்நாட்டில் மேஜர் போர்ட் மூன்று: சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி வ.உ.சி. கேரளத்தில் கொச்சி. எண்ணூரை ஒட்டியே இருக்கும் காட்டுப்பள்ளி சட்டப்படி மேஜர் போர்ட் இல்லை, ஆனால் அங்கே கண்டெய்னர் கப்பல்கள் வரிசையாக வருகின்றன. நாட்டிலேயே கண்டெய்னர் அதிகம் கையாளும் குஜராத்தின் முந்த்ராவும் மேஜர் போர்ட் பட்டியலில் கிடையாது. ஆகவே அந்தப் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு வேண்டியது உங்கள் ஷெட் வாசலிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு. மெஷின் ஷெட்டில் இறங்கி, காலிக் கண்டெய்னர் லைன்காரர்களின் (கப்பல் கம்பெனியின்) யார்டுக்குத் திரும்பிப் போய்ச் சேரும் வரை எத்தனை நாள், எவ்வளவு பணம்? கப்பல் வாடகை அதில் ஒரு துண்டுதான்.

தூரத்தைப் பார்ப்போம். திருப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய 460 கிலோமீட்டர், தூத்துக்குடி 330, கொச்சி வல்லார்பாடம் 240. தூரத்தை மட்டும் பார்த்தால் கொச்சிதான் ஜெயிக்கும். பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் மலை ஒரு காலத்தில் டிரெய்லர் டிரைவர்களுக்குப் பெரிய தலைவலி. 2021 ஜூலையில் ஒரு சுரங்கப்பாதையும் அடுத்த ஜனவரியில் இரண்டாவதும் திறந்தபின் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அதனால்தான் உங்கள் இரண்டாவது நண்பரின் பேச்சை நான் தள்ளிவிடவில்லை.

இருந்தாலும் தூத்துக்குடி என்று ஏன் சொல்கிறேன்? திருப்பூர் பனியன் சரக்கில் பெரும்பங்கு தூத்துக்குடி வழியாகத்தான் வெளிநாடு போகிறது. அந்தச் சரக்கை ஏற்றுவதற்காகத் தினமும் காலிக் கண்டெய்னரைச் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் தூத்துக்குடியிலிருந்து மேலே உங்கள் ஊருக்கு ஏறுகின்றன. உங்கள் மெஷின் வரும் வண்டி அதே பாதையில் பாரத்தோடு ஏறுகிறது, இறக்கிவிட்டு ஏற்றுமதிச் சரக்கோடு இறங்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் டிரான்ஸ்போர்ட்காரரிடம் பேசி வாடகையைக் குறைக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. ஷிப்பிங் லைன் சம்மதித்தால், நீங்கள் காலி செய்த அதே கண்டெய்னரை உங்கள் ஊர் ஏற்றுமதியாளர் ஒருவர் எடுத்து நிரப்பிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவே உங்கள் தலையில் விழாது. கொச்சி பக்கம்தான், ஆனால் அந்தப் பாதையில் திருப்பூர் வண்டிப் போக்குவரத்து அவ்வளவு அடர்த்தி இல்லை. லைன்காரர்கள் எம்ப்டியைக் கொச்சி யார்டிலேயே கொண்டுவந்து விடு என்று சொன்னால், திரும்பிப் போகும் 240 கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் வாடகை கொடுக்க வேண்டும். வாளையாறு தாண்டுவது வெளிமாநிலப் பயணம் என்பதால் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லையும் கவனமாகப் போட வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதுதான் அதன் கணக்கு, ஆகவே கொச்சி–திருப்பூருக்கு இரண்டு நாள் செல்லுபடியாகும்.

சென்னையின் பலமே அங்கு வரும் கப்பல்கள்தான். சீனாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் நேரடிக் கப்பல்கள் அங்கே வருகின்றன. வழியில் எங்கும் பெட்டியை இறக்கி ஏற்றும் வேலை இல்லை. ஷியாமென், நிங்போ பக்கமிருந்து நேரடிக் கப்பல் என்றால் இரண்டரை வாரத்துக்கு முன்பின் ஆகும். பலவீனம் என்றால் வெளியே வரும் சாலை. மணலி, எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை நான் வேலை பார்த்த காலத்தில் தினமும் பார்த்திருக்கிறேன். சேஸிஸுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, ஸ்டவ்வை எடுத்துப் பற்றவைத்து, சாலையோரமாகவே டிரைவர் சோறு வடித்துக்கொண்டிருப்பார். வரிசை பத்தடி நகர்ந்தால் கிளீனர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவார். அந்த நிலைமை இப்போது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தப் பாதையில் நாள் கணக்கு போடும்போது ஒரு நாளைக் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு 20 கிலோமீட்டர் மேம்பாலச் சாலைக்கு 2009இல் ஒருமுறை அடிக்கல் நாட்டினார்கள். வேலை 2012இல் நின்றது. 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அது முழுசாகத் திறந்தால் உங்களைப் போன்ற மேற்கு மாவட்டக்காரர்களுக்குச் சென்னைக் கணக்கே மாறிவிடும், அன்றைக்கு நானும் என் பதிலை மாற்றிக்கொள்வேன்.

சென்னை என்று முடிவு செய்தால் இன்னொன்றையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்கும் ஃபார்வர்டர்கள் பேச்சுவழக்கில் 'சென்னை' என்றே சொல்வார்கள், அந்தக் கப்பல் உண்மையில் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறதா, எண்ணூருக்கா, காட்டுப்பள்ளிக்கா? மூன்றும் கஸ்டம்ஸுக்கு வெவ்வேறு இடம். பில் ஆஃப் என்ட்ரியை (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை) எந்த இடத்துக்குப் போடுவது என்பது இதை வைத்துத்தான்.

தூத்துக்குடியின் பலவீனம் கடல் பக்கம் இருக்கிறது. நேரடிக் கப்பல் அங்கே குறைவு. பெரும்பாலும் பெரிய கப்பல் உங்கள் பெட்டியைக் கொழும்பில் இறக்கிவிடும். அங்கிருந்து சின்ன ஃபீடர் கப்பல் எடுத்து வரும். கொழும்பிலிருந்து தூத்துக்குடி ஒரு ராத்திரிப் பயணம்தான், ஆனால் ஃபீடரில் இடம் கிடைப்பதற்குப் பெட்டி அங்கே காத்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் மூன்று நாளிலும் வந்திருக்கிறது, கொழும்பு நெரிசலாக இருந்த காலத்தில் இரண்டு வாரமும் ஆகியிருக்கிறது. மெஷினுக்கு இது பொறுத்துக்கொள்ளக் கூடிய தாமதம். வாழ்க்கையில் ஒருமுறை வரும் கண்டெய்னர் ஒரு வாரம் பிந்தினால் யூனிட் நின்றுவிடப் போவதில்லை. நூல் பிந்தினால் ஜாப் ஒர்க் நின்றுவிடும். இரண்டுக்கும் இரண்டு ஊர் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

ஃபீடர் விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் இருப்பது ஷியாமெனில் ஏற்றிய பெரிய கப்பலின் பெயர். தூத்துக்குடிக்கு வந்து சேரும் கப்பலின் பெயர் வேறு. பில்லில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு இணையத்தில் கப்பலைத் தேடி, 'அது இன்னும் கடலில்தானே இருக்கிறது' என்று ஒருவர் நிம்மதியாக இருந்தார். பெட்டி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இந்த நான்கு நாளுக்குக் காசு உண்டு. கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள், அது விடுமுறை நாளாக இருந்தாலும், பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும் என்பது 2021லிருந்து சட்டம். தவறினால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000. கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பே போட்டு வைக்கலாம் என்பதால் காத்திருக்க எந்த அவசியமும் இல்லை. உங்கள் கிளியரிங் ஏஜென்ட்டிடம் 'ஃபீடர் பெயரும் வரும் தேதியும் கொழும்பில் ஏறிய அன்றைக்கே எனக்கு வாட்ஸ்அப்பில் வர வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது சி.ஐ.எஃப். விஷயம். அந்த விலையில் கப்பலைப் பிடிப்பது, ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பது எல்லாமே சப்ளையர். அவர் தனக்கு மலிவாகக் கிடைக்கும் வழியைத்தான் பார்ப்பார். சரக்கு இந்தியக் கரையில் இறங்கிய பிறகு வரும் செலவு அவர் கணக்கில் கிடையாது. கரூரில் என் வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரில் துறைமுகத்தின் பெயரைப் போடாமல் 'ஏதாவது ஒரு இந்தியத் துறைமுகம்' என்று விட்டுவிட்டார். சப்ளையர் நவசேவாவுக்கு அனுப்பிவிட்டார். மும்பைப் பக்கம் இறங்கிய மெஷின் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாலையில் கரூருக்கு வந்தது. வழியில் எங்கோ வண்டி குலுங்கியதில் ஒரு பக்கத்து ஃபிரேம் வளைந்திருந்தது. மரப்பெட்டியைப் பிரித்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை, கையை அந்த வளைவின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு மெயில் போட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய கஷ்டம் அது.

அடுத்து, சின்னச் சரக்கு. பல பேருடைய சரக்கை ஒரே கண்டெய்னரில் போட்டு அனுப்புவதை எல்.சி.எல். என்பார்கள். உங்கள் நூல் முதலில் அப்படித்தான் வரும். இதில் சி.ஐ.எஃப். விலை என்றால் பொறி இன்னும் ஆழம். சீனாவில் கப்பல் வாடகையே ஏறக்குறைய இல்லாததுபோல் ரேட் கொடுப்பார்கள், சில சமயம் சப்ளையருக்கு அவர்களே பணமும் கொடுப்பார்கள். அந்தப் பணமெல்லாம் இந்தியாவில் டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு) வாங்கப் போகும்போது 'லோக்கல் சார்ஜஸ்' என்ற பெயரில் உங்களிடம் வசூலாகும். டாலரில் ஐந்தாறு வரி இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் புரியாத ஒரு பெயர். கொடுக்காமல் சரக்கை எடுக்க முடியாது. என் வாடிக்கையாளர் இன்னொருவருக்கு இரண்டு கன மீட்டர் உதிரிபாகம் வந்தது. ஷாங்காயிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் வாடகையைப் போலப் பல மடங்கு, கரையில் கட்டினார். எஃப்.ஓ.பி. என்றால் ஃபார்வர்டர் உங்கள் ஆள். இந்தப் பக்கத்துச் செலவையும் சேர்த்து எழுத்தில் கொடு என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டு வாங்கலாம்.

எஃப்.ஓ.பி.க்கு மாறும்போது ஒரு சின்னக் கவனம். கஸ்டம்ஸ் வரி, கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த மதிப்பின் மேல் போடப்படும். வாடகை எவ்வளவு என்று காட்டும் பில் உங்களிடம் இல்லையென்றால் எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதத்தை வாடகை என்று வைத்துக்கொள்வார்கள். இன்ஷூரன்ஸுக்கு 1.125 சதவீதம். உங்கள் உண்மையான வாடகை அதைவிடக் குறைவாக இருந்தால் அது வீண். ஃபார்வர்டரின் பில்லைக் கையில் வைத்திருங்கள்.

நூலுக்குச் சென்னை என்று சொன்னதற்கு இன்னொரு காரணம், சீனாவிலிருந்து எல்.சி.எல். பெட்டிகள் சென்னைக்கு அடிக்கடி கட்டப்படுகின்றன. தூத்துக்குடிக்குக் குறைவு. குறைவு என்றால் என்ன ஆகும்? பெட்டி நிரம்பும் வரை உங்கள் நூல் சீனக் கிடங்கிலேயே கிடக்கும். இல்லையென்றால் கொழும்பில் பிரித்து வேறு பெட்டியில் மாற்றிப் போடுவார்கள். நூல் அட்டைப்பெட்டியை ஒவ்வொரு தடவை கை மாற்றும்போதும் மூலை நசுங்கும், ஈரம் ஏறும். சென்னையில் இறங்கி சி.எஃப்.எஸ். என்ற கண்டெய்னர் கிடங்கில் பிரித்து, பார்சல் லாரியில் திருப்பூருக்கு வந்துவிடும். பிற்பாடு மாத அளவு கூடி, ஒரு தடவைக்கு 13, 14 கன மீட்டரைத் தாண்டினால் தனியாக 20 அடிப் பெட்டி எடுப்பதே லாபமாக இருக்கும். அன்றைக்கு நூலையும் தூத்துக்குடிக்குத் திருப்பிவிடுங்கள்.

'அந்தத் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் சுலபம், இங்கே கெடுபிடி' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வரி எல்லாத் துறைமுகத்திலும் ஒன்றுதான். ஆன்ட்டி டம்பிங் வரி, பி.ஐ.எஸ். தரச் சான்று போன்றவையும் அப்படியே, மெஷினின் ஹெச்.எஸ். கோடை (கஸ்டம்ஸ் பொருளை வகைப்படுத்தும் எண்) சொல்லி உங்கள் ஏஜென்ட்டிடம் அதை ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு 2020லிருந்து ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் வந்துவிட்டது. உங்களுக்கு ஒரு செய்தி: அதை முதலில் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூரிலும்தான், அதுவும் மெஷின்கள் வரும் 84, 85ஆம் அத்தியாயப் பொருட்களுக்கு. தூத்துக்குடியில் நீங்கள் போடும் பில்லை வேறொரு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்ப்பார். கேள்வி கேட்டால் கணினி வழியாகவே பதில் சொல்ல வேண்டும். ஆகவே துறைமுகத்தை மாற்றி வரியில் எதையும் மிச்சப்படுத்த முடியாது. மெஷினின் கேட்டலாக், சப்ளையர் கோட்டேஷன், பணம் அனுப்பிய பேங்க் தாள் மூன்றையும் ஒரே ஃபைலில் தயாராக வைத்திருந்தால் கேள்வி வந்த அன்றே பதில் போய்விடும். பெட்டியைத் திறந்து பார்ப்பது மட்டும்தான் துறைமுகத்தில் நடக்கும். முதல் தடவை இறக்குமதி செய்பவருக்குப் பரிசோதனை வர வாய்ப்பு அதிகம், அதற்கு இரண்டு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

நேரடி ஏற்றுமதி செய்வதாக நீங்கள் எழுதவில்லை. செய்தால், அல்லது செய்யப் போவதாக இருந்தால், ஏற்றுமதியாளர்களுக்கான இ.பி.சி.ஜி. திட்டத்தில் கஸ்டம்ஸ் வரி இல்லாமல் மெஷின் எடுக்கலாம். மிச்சமாகும் வரியைப்போல் ஆறு மடங்குக்கு ஆறு வருடத்தில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். அந்த விண்ணப்பத்திலேயே பதிவுத் துறைமுகம் என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டும், பாண்டும் (உறுதிப் பத்திரம்) அங்கேதான் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் சென்னை என்று போட்டுவிட்டு மெஷினைத் தூத்துக்குடிக்கு அனுப்பச் சொன்னால் தேவையில்லாத அலைச்சல்.

பரிசோதனை என்றதும் ஞாபகம் வருகிறது, மரம். மெஷின் மரச்சட்டத்திலோ மரப்பெட்டியிலோதான் வரும். அந்த மரத்தில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரையும், பக்கத்தில் 'ஹெச்.டி.' என்ற எழுத்தும் பதித்திருக்க வேண்டும். மரத்தைச் சூடுபடுத்திப் பூச்சி இல்லாமல் செய்ததற்கான அடையாளம் அது. போன வருடம் ஒரு கண்டெய்னரில் சீலை வெட்டிக் கதவைத் திறந்தோம். முன்னால் இருந்த இரண்டு சட்டத்திலும் முத்திரை பளிச்சென்று இருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் மெஷின் நகராமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கட்டைகள் வெறும் பச்சை மரம், பட்டைகூட உரிக்கவில்லை. அந்த நான்கு கட்டைக்காகப் பெட்டி ஒரு வாரம் நின்றது. ஏற்றும்போது கண்டெய்னரின் உட்புறத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கட்டைகளையும் சேர்த்து. மெஷினைக் கட்டிய பிறகு உயரம் எவ்வளவு என்றும் கேளுங்கள். 40 அடி ஹை கியூப் பெட்டியின் வாசல் உயரம் ஏறக்குறைய 2.58 மீட்டர். அதைத் தாண்டினால் திறந்த கூரைப் பெட்டி வேண்டும், அப்போது வாடகை, கப்பல், சாலை எல்லாமே வேறு கணக்கு. எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பணம் ஒழுகும் இன்னொரு ஓட்டை டிடென்ஷன். துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வரை லைன்காரர்கள் சில நாளை இலவசமாகத் தருவார்கள். கேட்காதவருக்கு நான்கைந்து நாள், கேட்பவருக்குப் பதினான்கு வரை. அதற்கு மேல் நாளுக்கு இத்தனை டாலர் என்று ஏறும், நாள் போகப் போக விகிதமும் ஏறும். புக்கிங்குக்கு முன்பு கேட்டால் கிடைக்கும், பெட்டி வந்த பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. சி.ஐ.எஃப். வாங்கினால் உங்களுக்காக இதைக் கேட்க யாருமே இல்லை. பதினான்கு நாள் என்று பில் ஆஃப் லேடிங்கிலேயே அச்சாகும்படி வாங்குங்கள். ஒரிஜினல் பில் பேங்க் வழியாக வருவதாக இருந்தால் ஒன்றிரண்டு வாரம்கூட அதற்கே போய்விடும். முழுப் பணமும் கட்டிய பிறகு சப்ளையரை 'டெலக்ஸ் ரிலீஸ்' கொடுக்கச் சொன்னால் தாள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பணம் முழுசாகக் கட்டிய பிறகு என்பதைக் கவனியுங்கள், அதற்கு முன்பு எந்த சப்ளையரும் கொடுக்க மாட்டார்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் புயல் குறைவு, அதனால் பாதுகாப்பு என்று நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. எங்கள் ஊருக்குப் பெட்டியைத் திருப்பலாமா என்று கேட்டு எனக்கு போன் மேல் போன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சாலை அறுந்து, வண்டி வெளியேற வழியில்லாமல் நின்றோம். அன்றிலிருந்து அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய இரண்டு ஊருமே ஒன்றுதான். முடிந்தால் மெஷின் அந்த மாதங்களில் இறங்காதபடி ஆர்டர் கொடுங்கள்.

இன்ஷூரன்ஸை நீங்களே எடுங்கள். சி.ஐ.எஃப். விலையில் சப்ளையர் எடுத்துக் கொடுப்பது விதிப்படி குறைந்தபட்சப் பாதுகாப்புதான், கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் போன்ற பெரிய விபத்துக்கு மட்டும் வரும். வண்டி குலுங்கி ஃபிரேம் வளைந்ததற்கெல்லாம் வராது. 'ஆல் ரிஸ்க்' பாலிசி, சப்ளையர் கிடங்கிலிருந்து உங்கள் ஷெட் வரை என்று கேளுங்கள். பெரிய விபத்து எங்கோ நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னரோடு கேரளக் கரையோரம் மூழ்கியது. அடுத்த மாதமே கொழும்பிலிருந்து வந்த இன்னொரு கண்டெய்னர் கப்பல் அதே கடலில் தீப்பிடித்தது. கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டிய விதியும் கடல் சட்டத்தில் உண்டு. உங்கள் பெட்டிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அந்தப் பங்கைக் கட்டினால்தான் சரக்கை விடுவார்கள். பாலிசி இருந்தால் அதை இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சப்ளையருக்கு எஃப்.ஓ.பி. ஷியாமென் விலை கேட்டு மெயில் போடுங்கள். அது வருவதற்குள் கோவையிலோ திருப்பூரிலோ ஆபீஸ் உள்ள மூன்று ஃபார்வர்டர்களிடம் தூத்துக்குடி, கொச்சி, சென்னை மூன்றுக்கும் ஒரே தாளில் ரேட் கேளுங்கள். கப்பல் வாடகை, நேரடியா கொழும்பு வழியா, இந்தப் பக்கத்து லோக்கல் சார்ஜஸ் முழுவதும், ஃப்ரீ டேஸ், திருப்பூர் வரை டிரெய்லர் வாடகை, எம்ப்டியை எங்கே ஒப்படைப்பது. இந்த ஆறும் இல்லாத ரேட்டை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், திருப்பிக் கேளுங்கள். கடைசியாகச் சொன்ன எம்ப்டி விஷயத்துக்கு 'பிறகு சொல்கிறோம்' என்று பதில் வந்தால் அந்த ரேட்டைக் கீழே வையுங்கள். தூத்துக்குடியைவிட கொச்சி மொத்தத்தில் கணிசமாகக் குறைவாக வந்து, எம்ப்டியைக் கோவை அல்லது திருப்பூர்ப் பக்கமே ஒப்படைக்கலாம் என்றும் லைன் எழுதிக் கொடுத்தால், தயங்காமல் கொச்சியை எடுங்கள்.

பில் ஆஃப் லேடிங்கின் டிராஃப்ட் கப்பல் ஏறும் முன் உங்களுக்கு வரும். அதில் இறக்கும் துறைமுகம் என்ற கட்டத்தையும், உங்கள் ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. எண்களையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்த பிறகே சரி என்று பதில் போடுங்கள். கப்பல் ஏறிய பிறகு அந்தக் கட்டத்தைத் திருத்துவதற்குக் கட்டணமும் கட்டி, நாளும் கொடுக்க வேண்டியிருக்கும். டிராஃப்ட் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.